ஒதுக்கி வைத்த சோதனை

அத்தியாயம் பதினான்கு

"இன்னைக்கு பிளான்ட்ல பதினோரு மணியிலேர்ந்து கரண்ட் இருக்காதாம். வர்றதுக்கு லேட்டாகும், ஐரின்" என்றான் ஃபிராங்க்ளின், ஷூவுக்குள் காலைத் திணித்தபடி.

அடுப்படியில் நின்றிருந்த ஐரின் "ம்" என்றாள். காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

"இன்னா, காலையிலயே எங்கயோ இருக்கே? அந்த ஆபீஸ் விஷயம்தானா?"

"சாப்பாட்டுப் பையை மறந்துடாதீங்க."

அவன் பையை எடுத்துக்கொண்டான். கதவருகே நின்று ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான்.

ஒரு வாரமாக ஐரினுக்குச் சரியான தூக்கம் இல்லை. அவள் வேலை பார்ப்பது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. குளிர்கிடங்குகளில் அமோனியா வாயு கசிந்தால் அலறுகிற எச்சரிக்கைப் பெட்டிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற இடம். எழுதுவது மற்றவர்கள். எழுதியதில் ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது இவள். ஃபிராங்க்ளினோ, ஹெப்பகோடியைத் தாண்டி ஆனேக்கல் போகிற ரோட்டில் ஒரு குளிர்கிடங்கில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். அங்கே சுவரில் மாட்டியிருப்பதும் இவர்கள் கம்பெனிப் பெட்டிதான். "உன் பொட்டிதான் என் உசுரைப் பார்த்துக்குது" என்று கல்யாணமான புதிதில் அவன் கேலி செய்வான். இப்போது அந்தக் கேலியை நினைக்கவே அவள் விரும்பவில்லை.

காரணம் அவள் கையால் எழுதிய ஒரே ஒரு வரி.

யாராவது சாஃப்ட்வேரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் தாமாகவே ஓடும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சையாக இருந்தால்தான் புது வெர்ஷன் வெளியே போகும். அதில் ஒரு சோதனை மட்டும் பத்துத் தடவை ஓட்டினால் ஒன்பது தடவை பச்சை, ஒரு தடவை சிவப்பு. வாயுவை மோப்பம் பிடித்துப் பெட்டிக்குச் சொல்லும் சென்சார் லைன் அறுந்துபோனால் திரும்ப ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. "அதுக்கு மூடு சரியில்லன்னா ஃபெயிலாகும்" என்று ஆபீஸில் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு மாதம் முன்பு மேனேஜர் டேரில் சொன்னான், "இப்போதைக்கு அதை ஸ்கிப் போட்டுடு, ஐரின். ஒரு கெட்டுப்போன டெஸ்டுக்காக மொத்த வேலையும் நிக்குது."

அந்தச் சோதனையை ஓடாமல் தாண்டிப் போக வைக்கும் ஒரு வரியை அவளும் போட்டாள். பெயர், தேதி, பக்கத்தில் 'பிறகு பார்க்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு. அன்று சாயங்காலம் முழுப் பட்டியலும் பச்சையாக ஒளிர்ந்ததைப் பார்த்து அவளுக்கே நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தப் 'பிறகு' போன புதன்கிழமைதான் வந்தது. உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது, கெட்டுப்போனது சோதனையல்ல. சாஃப்ட்வேர். இரண்டு சென்சார்கள் ஒரே நொடியில் லைன் அறுந்து ஒரே நொடியில் திரும்பி வந்தால், அதில் ஒன்று அப்படியே உறைந்து போகிறது. கடைசியாகச் சொன்ன வாயு அளவையே பச்சையில் காட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு அந்த அறை முழுக்க வாயு நிறைந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. பழைய வெர்ஷனில் இந்தக் கோளாறு இல்லை. புதிதாக எழுதிய பகுதியில்தான் வந்திருக்கிறது.

அவள் அந்தக் கோளாறை, ஆபீஸ் பாஷையில் 'பக்'கை, பி-ஒன் என்று பதிந்தாள். பி-ஒன் என்றால் இன்றே சரிசெய்ய வேண்டியது. மறுநாள் டேரில் அதை பி-த்ரீ ஆக்கினான். பி-த்ரீ என்றால் என்றைக்கோ. அந்த வாரத்தின் பி-ஒன், அச்சடிக்கும் ரிப்போர்ட்டில் வாடிக்கையாளரின் லோகோ பாதி வெட்டுப்பட்டு வருகிறது என்பது.

வேறு மேனேஜராக இருந்திருந்தால் ஐரின் அன்றே சண்டை போட்டிருப்பாள். டேரில் அவளுடைய அக்கா மௌரீனின் கணவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். ஆபீஸில் அவனை டேரில் என்று கூப்பிடுவாள், வீட்டில் மாமா. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தாள். மௌரீன் கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு, "சாப்பிடற இடத்துல ஆபீஸ் வேணாம்" என்றாள். அதோடு முடிந்தது.

இன்று வியாழன். புது வெர்ஷன் வெளியே போகிற நாள்.

பொம்மனஹள்ளியில் பஸ் ஏறியதிலிருந்து என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். மதியம்தானே ரிலீஸ், அதற்குள் நிறுத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

* * *

மீட்டிங் அறையில் மூன்று பேர். டேரில், ஐரின், புது வெர்ஷனைக் குளிர்கிடங்குகளுக்கு அனுப்பும் பொறுப்பிலிருக்கும் சுனில். கோலார்க்காரன். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவான். சுவர்க் கடிகாரம் பத்து இருபத்தைந்தைக் காட்டியது.

"பாக்கியிருக்கிற பக் எல்லாம் ஒருவாட்டி படிச்சுடலாம்" என்றான் டேரில். "லோகோ முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்" என்றான் சுனில்.

"குட். அப்புறம்?"

"ரெண்டு சென்சார் விஷயம்" என்றாள் ஐரின். "அதைச் சரி பண்ணாம இந்த வெர்ஷன் போகக் கூடாது."

டேரில் நாற்காலியில் சாய்ந்தான். கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"லிசன், ஐரின். நான் அதைச் சும்மா கீழ இறக்கல. ஒரு சென்சார் லைன் போகும், ஒத்துக்கறேன். எலி கடிக்கும், ஈரம் இறங்கும். ஆனா ரெண்டு சென்சார் ஒரே செகண்டுல போயி, ஒரே செகண்டுல திரும்பி வருமா? நிஜத்துல அது எங்க நடக்கும், எப்ப நடக்கும்? ஒரு உதாரணம் சொல்லு. இப்பவே பி-ஒன் ஆக்கறேன்."

ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

அப்போதுதான் காலையில் காதில் விழுந்தது மனதில் ஏறியது.

பதினோரு மணியிலேர்ந்து கரண்ட் இருக்காதாம்.

"கரண்ட்" என்றாள். குரல் தனக்கே கேட்காததுபோல் இருந்தது. "கரண்ட் போனா எல்லா சென்சாரும் ஒண்ணாத்தானே போகும்? ஜெனரேட்டர் போட்டா எல்லாம் ஒண்ணாத்தானே வரும்?"

"யு.பி.எஸ். இருக்குமே."

"பொட்டிக்குத்தான் யு.பி.எஸ். சென்சாருக்கு இல்ல. ஹெப்பகோடில எந்த சைட்லயும் சென்சாருக்கு இல்ல, சார்" என்றான் சுனில் மெதுவாக.



"ஃபிராங்க்ளினோட பிளான்ட்ல இன்னைக்கு பதினோரு மணிக்கு கரண்ட் கட்" என்றாள் ஐரின். "புது வெர்ஷனை அங்க மட்டுமாவது அனுப்பாதீங்க. ப்ளீஸ்."

சுனில் அவளைப் பார்க்காமல் டேரிலைப் பார்த்தான். டேரில் மேஜையைப் பார்த்தான்.

"காலையில ஒன்பது மணிக்கே போயாச்சு" என்றான். "நாலு சைட்டுக்கும். டைரக்டர் சீக்கிரம் அனுப்பச் சொன்னார்."

ஐரின் எழுந்து நின்றாள்.

"திரும்ப எடுங்க. இப்பவே பழைய வெர்ஷனை ஏத்துங்க."

"எப்படி எடுக்கறது? எல்லாம் பச்சைன்னு நேத்து நான் டைரக்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னைக்குத் திரும்ப எடுத்தா, அப்ப அந்தப் பச்சை என்னன்னு கேப்பார். பார்த்தா ஒரு டெஸ்டை ஸ்கிப் போட்டிருக்கு. யார் போட்டதுன்னு பார்த்தா..." அவன் முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உன் பேர் இருக்கு, ஐரின். உனக்காகவும்தான் சொல்றேன். முதல்ல நிஜமா ஃபெயில் ஆகுதான்னு எனக்குக் காட்டு. மதியத்துக்குள்ள முடிவு பண்ணலாம்."

அவன் நெற்றியோரம் வேர்த்திருந்தது. அவனும் பயந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

* * *

இடத்துக்கு ஓடி வந்து முதலில் ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. பிளான்டுக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில்தான் இருக்கும். தெரிந்தும் மூன்று முறை கூப்பிட்டாள்.

பிறகு அந்த வரியை எடுத்தாள். தன் பெயர், தேதி, 'பிறகு பார்க்க வேண்டும்'. அழித்தாள். அந்த ஒரு சோதனையை மட்டும் ஐம்பது தடவை ஓடவிட்டாள்.

சுனில் பின்னால் வந்து நின்றான்.

பச்சை. பச்சை. பச்சை. பச்சை.

"ஃபெயில் ஆகாம இருந்தா நல்லது" என்று முணுமுணுத்தான் சுனில்.

ஏழாவது சிவப்பு.

திரையின் மூலையில் மணி பத்து ஐம்பத்தெட்டு. போன் அதிர்ந்தது. ஃபிராங்க்ளின் என்று நினைத்து எடுத்தாள். மௌரீன்.

"ஐரின், என்னடி பண்ணிட்டு இருக்கே அங்க? உங்க மாமா மெசேஜ் போட்டிருக்கார், நீ பிரச்சினை பண்றேன்னு. இந்த மாசம்தான் அவருக்குப் பெரிய போஸ்ட் தர்றதாப் பேசிட்டிருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

"அக்கா, அவரு உள்ள இருக்காருக்கா."

"யாரு?"

"ஃபிராங்க்ளின். பிளான்ட்ல. நான் அப்புறம் பேசறேன்."

"எனக்கு ஒண்ணும் புரியல. ஐரின், நம்ம வீட்டு மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெச்சிடாதே, ஐரின்..."

வைத்துவிட்டாள்.

பதினெட்டாவது சிவப்பு. பத்தொன்பதாவதும் சிவப்பு.

"சுனில், பழைய வெர்ஷனை ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு சைட்டும்னா அரைமணி. ஆனா டேரில் சார் ஓகே சொல்லணுமே."

"நான் எழுதித் தர்றேன். ஐரின் சொல்லித்தான் பண்ணேன்னு சொல்லுங்க."

சுனில் திரையில் இருந்த மூன்று சிவப்புக் கோடுகளைப் பார்த்தான். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். அவள் டைரக்டருக்கு நான்கு வரி மெயில் எழுதினாள். டெஸ்டை ஸ்கிப் போட்டது நான், அதை முதல் வரியாகவே எழுதினாள். படித்துப் பார்க்காமலே அனுப்பினாள்.

மணி பதினொன்று ஆறு.

ஒருமுறை ஃபிராங்க்ளின் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனபோது வாங்கி வைத்திருந்த கேட் நம்பர் போனில் இருந்தது. கூப்பிட்டாள். நான்காவது மணியில் எடுத்தார் கோவிந்தப்பா. பத்து வருஷமாக அந்தக் கேட்டில் செக்யூரிட்டியாக இருப்பவர். ஆனேக்கல்காரர். கன்னடத்தில்தான் பேச்சு.

"கோவிந்தப்பா அவரே, நான் ஃபிராங்க்ளின் வீட்டிலேருந்து பேசறேன். கரண்ட் போயிடுச்சா?"

"போய் அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா. ஜெனரேட்டர் போட்டாச்சு. ஏன், என்ன விஷயம்?"

"அவரு எங்க இருக்காரு?"

"ரவுண்டு போயிருக்காரு. ஜெனரேட்டர் மாறினா ஒவ்வொரு ரூமாப் போயி வால்வு பார்க்கணும் இல்லையா."



"உங்க ரூம்ல ஒரு ஸ்கிரீன் இருக்கும். அதுல ஆறு நம்பர் தெரியும். கொஞ்சம் பாருங்க."

"எல்லாம் ஹசிருதான் அம்மா. பச்சை. ஒண்ணும் இல்ல."

"நிறத்தை விடுங்க. நம்பரைப் பாருங்க. எந்த நம்பராவது மாறாம அப்படியே நிக்குதா? ஒரு நிமிஷம் பார்த்துச் சொல்லுங்க."

ஒரு நிமிஷம். ஜெனரேட்டரின் உறுமல் போன் வழியாகக் கேட்டது. அவர் மூச்சு விடுவதும் கேட்டது.

"ஒண்ணாவது ரூம் மூணு... இப்ப ரெண்டு. ரெண்டாவது ரூம் அஞ்சு, நாலு, திரும்ப அஞ்சு..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "மூணாவது ரூம் மட்டும் நாலு. நாலேதான் இருக்கு. அசையவே இல்ல."

"எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க."

"அம்மா, அலாரம் அடிக்கலயே? மேனேஜர் சொல்லாம நான் எப்படி..."

"அது அடிக்காது! அந்தப் பொட்டியை டெஸ்ட் பண்றது நான். எனக்குத் தெரியும். மூணாவது ரூம்ல என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாது. உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன், கோவிந்தப்பா அவரே. தப்பா இருந்தா என் பேரைச் சொல்லுங்க. சைரனைச் சுத்துங்க."

போன் மேஜையில் வைக்கப்படும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். பிறகு, கையால் சுற்றும் அந்தப் பழைய சைரன் முதலில் முனகி, ஏறி, ஊளையிட ஆரம்பித்தது.

ஐரின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஓடுகிற காலடிகள். யாரோ கன்னடத்தில் கத்துகிறார்கள். யாரோ இருமுகிறார்கள், விடாமல், குடலைப் பிடுங்குவதுபோல. ஆபீஸே எழுந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டேரில் நின்றிருந்தான்.

கோவிந்தப்பா தலைகளை எண்ணுவது தூரத்தில் கேட்டது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

"எத்தனை பேர் உள்ள?" என்று கத்தினாள். "கோவிந்தப்பா அவரே! மொத்தம் எத்தனை பேர்?"

இருபத்திரண்டுக்குப் பிறகு எண்ணிக்கை வரவில்லை. "இன்னும் ரெண்டு பேர் எங்கே?" என்று அவர் யாரிடமோ கேட்டது மட்டும் வந்தது. லைன் அறுந்தது.

* * *

ஆட்டோவில் போன அந்தப் பதினைந்து நிமிஷம் அவளுக்குப் பிறகு எப்போதும் முழுசாக ஞாபகம் வரவில்லை. ஹெப்பகோடி முனையில் சிக்னல் விழுந்ததும், முன்னால் நின்ற லாரியில் வெங்காய மூட்டைகள் இருந்ததும் மட்டும் நினைவிருக்கிறது. ஜெபம் சொல்ல முயன்றாள். 'பரலோகத்தில் இருக்கிற' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்றுதான் வந்தது.

கேட்டுக்கு இரண்டு கட்டடம் முன்பே காற்று மூக்கைக் குத்தியது. ஆட்டோக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல போகாதும்மா" என்றார். இறங்கி ஓடினாள்.

ரோட்டோரம் ஊழியர்கள் கும்பலாக நின்றார்கள். தீயணைப்பு வண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவன் இல்லை. அவன் இல்லை. பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் கல்லின் மேல் ஒரு ஆள், முகத்தில் ஈரத்துண்டு. அந்த ஷூ. காலையில் அவள் கண்ணெதிரே காலைத் திணித்த அதே ஷூ.

"ஏங்க!"

துண்டு விலகியது. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. அவள் தோளைத் தொட்டு, கையைத் தொட்டு, கன்னத்தைத் தொட்டு, முழுசாக இருக்கிறானா என்று பார்த்தாள். ஃபிராங்க்ளின் அவளைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

"நாணுவைக் கொண்டுபோயிட்டாங்க" என்றான்.

* * *

நாணு பேக்கிங் பிரிவில் வேலை செய்பவர். நாற்பது வயது. மூன்றாம் அறைக் கதவைத் திறந்தது அவர்தான். உள்ளே வால்வு ஒன்று விட்டுப்போய் வாயு நிறைந்திருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்து, அங்கேயே விழுந்துவிட்டார். சைரன் கேட்டு அந்தப் பக்கமாக ஓடிய ஃபிராங்க்ளின்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறான்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஐ.சி.யூ. கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஃபிராங்க்ளின் துண்டு துண்டாகச் சொன்னான். சொன்னதையே திரும்பச் சொன்னான். நாணுவின் தொண்டையும் நெஞ்சும் வெந்துபோயிருக்கின்றன, நாளைக்கு வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான்தான் போகச் சொன்னேன், ஐரின்."

"என்ன?"

"ஒண்ணாம் ரூம் வால்வு பார்த்துகினு இருந்தேன். நாணு வந்து, மூணுல ஒரு சரக்குப் பெட்டி எடுக்கணும், போலாமான்னு கேட்டாரு. நான் திரும்பி பொட்டியைப் பார்த்தேன். நாலு. பச்சை. போ நாணு, ஒண்ணும் இல்லன்னேன்." துண்டை முறுக்கினான். "சரியாப் பார்க்கலயா நான்? வேற ரூம் நம்பரைப் பார்த்துட்டேனா? நாப்பதா இருந்ததை நாலுன்னு பார்த்தேனா? அதையேதான் யோசிச்சுகினு இருக்கேன். என் கண்ணுமேலயே எனக்கு நம்பிக்கை போச்சு."

ஐரின் தரையைப் பார்த்தாள். வெள்ளை ஓடுகள், நடுவில் கறுப்புக் கோடு. இப்போது சொல்லாவிட்டால் இவன் வாழ்நாளெல்லாம் இப்படியே அந்தத் துண்டை முறுக்கிக்கொண்டிருப்பான்.

"நீங்க பார்த்தது சரி. நாலுதான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி?"

சொன்னாள். சென்சார், கரண்ட், பி-ஒன், பி-த்ரீ எல்லாம் சொன்னாள். டேரில் மாமா சொன்னதைச் சொன்னாள். இரண்டு மாதம் முன்பு தன் கையால் போட்ட வரியையும் சொன்னாள்.

"ஒரு வாரமாத் தெரியும்" என்றான் ஃபிராங்க்ளின்.

"நிறுத்திடலாம்னு நெனச்சேன்."

"ஒரு வாரமா என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லல. தினம் காலையில சாப்பாட்டுப் பையைக் குடுத்து அனுப்பினே."

அவன் கத்தவில்லை. அவள் கைக்குள் இருந்த தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

போன் அடித்தது. சுனில்.

"ஐரின், நாலு சைட்லயும் பழைய வெர்ஷன் ஏத்தியாச்சு. மத்த மூணு இடத்துல ஒண்ணும் ஆகல. அது சரி..." அவன் குரல் தணிந்தது. "ஒரு விஷயம். உங்க பக் இருக்கில்ல? இப்ப பார்த்தேன். அதுல பி-த்ரீ இல்ல. பி-ஒன்னு இருக்கு. போன வாரத்திலேர்ந்தே பி-ஒன்னா இருந்த மாதிரி. கீழ டேரில் சார் எழுதின காரணமும் காணோம். நீங்க போட்ட ஸ்கிப் மட்டும்தான் இருக்கு, உங்க பேரோட. அவரு கீழ இறக்கவே இல்ல, நீங்கதான் மறைச்சீங்கன்ற மாதிரி. பழைய ஹிஸ்டரி எல்லாம் அட்மினுக்குத்தான் தெரியும். அட்மின் யாருன்னு உங்களுக்கே தெரியும்."

"நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"படிக்கட்டிலேர்ந்து. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எனக்கும் பயமா இருக்கு."

லைனை வைத்தபோது திரையில் இன்னொரு பெயர் மின்னிக்கொண்டிருந்தது. மௌரீன் அக்கா. அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அக்கா எதைச் சொல்லக் கூப்பிடுகிறாள்? ஃபிராங்க்ளின் பிழைத்தானா என்று கேட்கவா, மாமாவைக் காட்டிக்கொடுக்காதே என்று கெஞ்சவா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது.

வராந்தாவின் அந்தக் கோடியில் லிஃப்ட் திறந்தது. ஒரு பெண் வேகமாக நடந்து வந்தாள். கார்மென்ட்ஸ் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆடியது. தலைமுடியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஃபிராங்க்ளின் எழுந்து நின்றான்.

"தனலக்ஷ்மி. நாணு வீட்டுக்காரங்க" என்றான் ஐரினைப் பார்க்காமலே.

அந்தப் பெண் அழவில்லை. கதவின் வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. திரும்பி வந்தாள்.

"அண்ணா, மெஷின்ல பச்சையா இருந்துச்சாமே? எல்லாரும் சொல்றாங்க. பச்சை இருந்தா போலாம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அவரு வீட்டுல வந்து சொல்லுவாரு, பயப்படாதே, பச்சை இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு. அப்புறம் எப்படிண்ணா?"

ஃபிராங்க்ளினின் வாய் திறந்தது. நான்தான் போகச் சொன்னேன் என்ற அதே வாக்கியம் அவன் தொண்டைவரை வந்துவிட்டது ஐரினுக்குத் தெரிந்தது.

அவள் எழுந்தாள்.

"அவரைக் கேக்காதீங்க. அவர்மேல தப்பு இல்ல. அந்தப் பச்சையைச் சரியான்னு பார்க்கிறது என் வேலை. அது பொய் சொல்லுதுன்னு எனக்கு ஒரு வாரமாத் தெரியும்."

தனலக்ஷ்மி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள் ஐரின். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"எனக்கு கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது" என்றாள் தனலக்ஷ்மி. பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த இடத்தைக் காட்டினாள். "உக்காரு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. யாரு யாருக்குத் தெரியும், எப்போலேர்ந்து தெரியும், எல்லாத்தையும் சொல்லு. ஒருத்தர் பேரும் விடாதே."

மடியிலிருந்து கைக்கு வந்திருந்த போன் மறுபடி அதிர்ந்தது. இப்போது டேரில் மாமா. ஐரின் அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று ஒரு மூச்சு எடுத்தாள்.

ஐ.சி.யூ. கதவு திறந்தது. நர்ஸ் வெளியே தலையை நீட்டினாள். முகத்தில் மாஸ்க். என்ன சேதி என்று கண்ணிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாணு கூட வந்தவங்க யாரு?"

மூன்று பேரும் முன்னால் வந்தார்கள்.